வக்கீலைத் தேடும் நேரம், பில் நின்ற பிறகு அல்ல

சரக்கு அனுப்பி நாலு மாதம் ஆகிறது. பணம் வரவில்லை, வாங்கிய கம்பெனியில் போனை எடுக்கவும் ஆளில்லை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் சின்னதாகத் தொழில் நடத்தும் பலரும் இந்தக் கட்டத்தில்தான் வக்கீலைத் தேடத் தொடங்குகிறார்கள். வீட்டுப் பத்திரம் பார்த்துக் கொடுத்தவர் முதலில் ஞாபகத்துக்கு வருவார். அவர் 'இது நம்ம லைன் இல்லை சார்' என்று கைவிரித்தால், அடுத்தது கூகுள். ஆனால், அதற்குள் முக்கியமான பல விஷயங்கள் கையை மீறிப் போயிருக்கும்.

எந்த ஊர் கோர்ட்?

தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆனது. மின்சார ரயிலில் ஏறினால் பீச் ஸ்டேஷன் வரை ஒரே ஊர் போலத்தான் தெரியும். ஆனால் தாம்பரமும் பல்லாவரமும் இருப்பது, 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில். எனவே, 'சென்னைதானே' என்ற நினைப்பில் வக்கீலைத் தேடினால் முதல் கேள்வியிலேயே குழப்பம் வரும்.

2015-ல் வந்த வணிக நீதிமன்றங்கள் சட்டம் முதலில் ரூ.1 கோடிக்குக் குறையாத தகராறுகளுக்கே பொருந்தியது. 2018-ல் அந்த வரம்பு ரூ.3 லட்சமாகக் குறைக்கப்பட்டது. ஆக, ஒரு சின்ன ஒர்க் ஷாப்பின் நிலுவை பில்கூட இப்போது இதற்குள் வந்துவிடும். அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வழக்கு என்றால், முதலில் சமரசப் பேச்சுக்குப் போயே ஆக வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. இது தெரியாத வக்கீல் நேராக வழக்குப் போட்டால், மனு நிராகரிக்கப்படலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். 'எந்தத் தகராறும் டெல்லி நீதிமன்றங்களுக்கே உட்பட்டது' என்று ஒரு வரி. வாங்குபவரின் தலைமை அலுவலகம் டெல்லியில் இருந்தால், அந்த வரி பெரும்பாலும் செல்லுபடியாகும். ரூ.5 லட்சம் பாக்கிக்காக டெல்லியில் வக்கீல் வைத்து, வாய்தாவுக்கு வாய்தா செலவழிக்க எத்தனை பேரால் முடியும்? கையெழுத்துக்கு முன்பே ஒரு வக்கீல் படித்திருந்தால், 'டெல்லி'யை 'செங்கல்பட்டு' என்று மாற்றக் கேட்டிருக்கலாம்.

கைகொடுக்கும் 45 நாள்

2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் இங்கே உதவுகிறது. குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும், விற்றவர் இருக்கும் பகுதிக்கான பெசிலிடேஷன் கவுன்சிலில் முறையிடலாம். கவுன்சிலின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக நினைத்தால், தீர்ப்பான தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

ஆனால் உத்யம் பதிவை சரக்கு அனுப்பிய பிறகு எடுத்தால் அதை வைத்தே எதிர்த்தரப்பு தகராறு கிளப்பும். வெறுமனே வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு இருந்தாலும், 45 நாள் பாதுகாப்புக்கு அது போதாது. இதையெல்லாம் பில் நிற்பதற்கு முன்பே சொல்லக்கூடியவர்தான் தொழிலுக்குத் தேவையான வக்கீல்.

ஆளை எப்படிப் பிடிப்பது?

பார் கவுன்சில் விதி 36-ன்படி வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. வக்கீல்களைப் பட்டியல் போட்டு விற்கும் இணையதளங்களை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. அதனால் ஸ்டார் ரேட்டிங்கை நம்பிப் பயனில்லை. அதைவிட நல்ல வழி இ-கோர்ட்ஸ் தளத்தில் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்து, வக்கீல் பெயரைப் போட்டால் அவர் நடத்தும் வழக்குகள் வரும். அவற்றில் வணிக வழக்கு ஒன்றாவது இருக்கிறதா என்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆடிட்டரிடமும், அதே தொழிலில் பணத்தை வசூலித்த பக்கத்து யூனிட்காரரிடமும் விசாரிக்கலாம்.

நேரில் பார்க்கும்போது நோட்டீஸ், சமரசம், வழக்கு என ஒவ்வொரு கட்டத்துக்கும் ஃபீஸ் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குவது நல்லது. 'வசூலாகும் பணத்தில் இத்தனை சதவீதம் கொடுங்க, போதும்' என்று சொல்பவரிடம் உஷார். அப்படி ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதி 20 தடை செய்கிறது.

தனியாக ஃபீஸ் கட்ட முடியாது என்ற கவலை நியாயமானது. ஆனால் வாட்ச்மேன் சம்பளத்தையும் லாரி வாடகையையும் பகிர்ந்துகொள்ளும் யூனிட்கள், ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்ல ஒரு வக்கீலையும் பகிர்ந்துகொள்ளலாம். தொழில் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம் இது. அதுவரை, அடுத்த பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன் அதன் பின்பக்கத்தையாவது ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.