பரணில் இருந்து இறங்கும் தொட்டில்

மகளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதே பரணில் கிடந்த மரத்தொட்டில் கீழே இறங்கிவிடுகிறது. தாத்தா காலத்துத் தேக்கு. கடைசல் பிடித்த கால்கள், சுற்றிலும் மரக்கம்பிகள். ஈரத்துணியால் துடைத்து ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் புதுசாகிவிடும் என்பது வீட்டுக் கணக்கு. மருமகன் லேசாகத் தயங்கினால் பதில் தயாராக இருக்கும்: "இதுல படுத்துத்தானே மாப்ள இவளும் இவ அண்ணனும் வளர்ந்தாங்க?"

வளர்ந்தவர்கள் மட்டும்தானே சாட்சி சொல்ல வர முடியும். அது போகட்டும். அன்றைக்குத் தொட்டில் கூடத்தின் நடுவில் கிடந்தது. பாட்டி பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்திருந்தார். அத்தை, சித்தி, மூத்த பிள்ளைகள் என்று போகிற வருகிற எல்லோருடைய கண்ணும் அதன்மேல் இருந்தது. அதே தொட்டிலை இன்று ஏசி ஓடும் அறையில் போட்டுக் கதவைச் சாத்துகிறோம். அசந்து தூங்கும் பெற்றோரும் குழந்தையும் மட்டுமே உள்ளே. பாட்டியின் கண் செய்த வேலையை இப்போது மரம் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால், பழைய தொட்டிலைப் போடலாமா என்று கேட்கும் பெற்றோரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாரும் பார்க்காத இரண்டு மணி நேரம் அதில் குழந்தையை விட்டுவைப்பீர்களா?

பதில் சொல்வதற்கு முன் இன்ச் டேப்பை எடுங்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் 1970களிலேயே சட்டமான அளவு இது. குழந்தையின் தலை அதில் நுழையாதே என்று பலர் வாதாடுவார்கள். ஆபத்தே அங்கேதான். குழந்தை காலை முன்னே விட்டுத்தான் நழுவும். இடுப்பும் மார்பும் அமுங்கி வெளியே வந்துவிடும், தலை வராது. உடம்பின் பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கும். அழக்கூட மூச்சு இருக்காது. ஒரு கம்பி உடைந்த இடத்தில் கயிறு கட்டிச் சமாளித்த தொட்டிலுக்கும் இதுதான் கதை.

அடுத்து, நான்கு மூலைகளிலும் நிற்கும் குமிழ்கள். அந்தக் கடைசல் வேலையின் அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால், எழுந்து நிற்கப் பழகும் குழந்தையின் சட்டைக் கழுத்தோ, திருஷ்டிக்குக் கட்டிய கறுப்புக் கயிறோ, மெல்லிய சங்கிலியோ அதில் மாட்டிக்கொண்டால் குழந்தையால் விடுவித்துக்கொள்ள முடியாது. குமிழை அறுத்து மழமழப்பாக்கிவிடலாம். ஆசாரிக்கு அரைமணி நேர வேலை. கயிறும் சங்கிலியும் தூங்கும் நேரத்தில் கழுத்தில் வேண்டாம்.

ஒரு பக்கத் தடுப்பை மட்டும் மேலும் கீழும் இறக்கி ஏற்றும் வகைத் தொட்டில் என்றால், அளவெடுக்கவே தேவையில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தடுப்பைத் தாங்கும் கொக்கிகள் தேய்ந்து ஒரு மூலை கழன்றால், மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவே ஒரு சந்து விழும். உருளும் குழந்தை அதில் சிக்கும். இப்படிக் குறைந்தது 32 குழந்தைகள் இறந்த பிறகு, 2011 ஜூன் மாதம் முதல் அமெரிக்கா இந்த வகையை விற்கவே தடை விதித்தது. திருகு மரை தேய்ந்து, ஆட்டினால் கிறீச்சிடும் தொட்டிலையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். விளிம்பில் இரண்டு விரல் நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது. இலவம்பஞ்சை அமுக்கி அடைத்துத் தைத்த மெத்தை மெத்தென்று இருப்பது பெரியவர்களுக்குச் சுகம். குப்புற விழுந்த குழந்தைக்கு மூக்கு புதையும் பள்ளம். இடைவெளியை அடைக்க உருட்டுத் தலையணை வைப்பது அதைவிட மோசம். மல்லாக்கப் படுத்த குழந்தை, கெட்டி மெத்தை, இழுத்துக் கட்டிய விரிப்பு. தொட்டிலுக்குள் வேறு எதுவும் தேவையில்லை.

இதையெல்லாம் டேப்பும் ஆசாரியும் பார்த்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாதது பெயிண்ட். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல்தான் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு தொட்டிலுக்கு அடித்த பளிச் மஞ்சளிலும் சிவப்பிலும், கேட்டுக்கு அடித்துவிட்டு மிச்சமிருந்த எனாமலிலும் எவ்வளவு ஈயம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆறேழு மாதத்தில் பல் முளைக்கும் குழந்தைக்கு ஈறு ஊறும். எழுந்து நின்றதும் வாய்க்கு நேராக வருவது தொட்டிலின் மேல்சட்டம்தான். பழைய தொட்டில்களில் அங்கே பல் பதிந்த தடங்களைப் பார்க்கலாம். முந்தைய தலைமுறை கடித்துத் தின்ற பெயிண்ட் அது. வளரும் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. காய்ச்சலோ வாந்தியோ காட்டாமலே பேச்சையும் கவனத்தையும் படிப்பையும் அது அரிக்கும். மேலே புதுக் கோட் அடித்தால் போதாது. உரியும்போது அடியில் உள்ளதும் சேர்ந்தே உரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இன்னும் ஆபத்து. அந்தத் தூள் வீடு முழுக்கப் படியும்; பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளின் மூச்சிலும் போகும். ஆகவே, 2017க்கு முன் பெயிண்ட் அடித்த தொட்டிலை, மற்ற அளவெல்லாம் சரியாக இருந்தாலும், நான் வேண்டாம் என்றே சொல்வேன். பெயிண்டே படாத தேக்கு, கம்பி நெருக்கமாக, மூட்டு இறுக்கமாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள். அத்தகைய தொட்டிலை இன்றைய கடைச் சரக்கைவிட நம்பலாம். மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிக்காதீர்கள். இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள்.

வேண்டாம் என்று முடிவான தொட்டில் அடுத்து எங்கே போகிறது? பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம், "உன் பேரனுக்கு ஆகும், எடுத்துட்டுப் போ" என்று. தயவுசெய்து கொடுக்காதீர்கள். உங்கள் பேரனுக்கு ஆகாதது அவர் பேரனுக்கும் ஆகாது. பிரித்துப் போட்டுவிடுங்கள். பெயிண்ட் அடித்த கட்டைகளை வெந்நீர் அடுப்பில் மட்டும் வைக்க வேண்டாம். எரிக்கும்போது ஈயம் புகையிலும் சாம்பலிலும் வரும்.

கட்டுரையாளர்: குழந்தைநல மருத்துவர்