மாராவா, செரெங்கெட்டியா? முதலில் காலண்டரைப் பாருங்கள்!

ஆப்பிரிக்க சஃபாரிக்கு ஆசைப்படுகிறவர்களில் பாதிப் பேர் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். கென்யாவின் மசாய் மாராவா, தான்சானியாவின் செரெங்கெட்டியா? இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டிலும் சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் உண்டு. எதற்குப் போவது?

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்வியை அங்கே மேயும் ஒரு வில்டபீஸ்ட்டிடம் கேட்டால் அதற்கு ஒன்றுமே புரியாது. (தாடி வைத்த, மாட்டு முகம் கொண்ட மான் இனம் அது.) அதற்கு இரண்டும் ஒரே புல்வெளி. நடுவில் வேலி இல்லை. எல்லைக்கோடு நாம் வரைபடத்தில் போட்டுக்கொண்டது.

செரெங்கெட்டி 1951ல் அமைந்த தேசியப் பூங்கா. பரப்பளவு 14,763 சதுர கிலோமீட்டர். மாரா சுமார் 1,500 சதுர கிலோமீட்டர்தான், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சட்டப்படி மாரா தேசியப் பூங்காவே கிடையாது. நரோக் கவுண்டி என்ற உள்ளூர் நிர்வாகத்தின் கையில் இருக்கும் தேசியக் காப்பகம் அது.

'அப்படியானால் பெரியதற்கே போய்விடலாமே' என்று தோன்றும். அவசரம் வேண்டாம்.

13 லட்சம் வில்டபீஸ்ட்டுகளும், கூடவே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வரிக்குதிரைகளும் வருடம் முழுக்க இந்தப் புல்வெளியைச் சுற்றி வருகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை அவை தெற்கே, நிடுட்டு பக்கம் இருக்கும். அங்குள்ள மண் பழைய எரிமலைச் சாம்பலால் ஆனது. அதில் முளைக்கும் குட்டைப் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு அதுதான் தேவை. அதனால் பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான குட்டிகள் அங்கே பிறந்துவிடுகின்றன.

மழை நின்றதும் தெற்கே புல் காய்ந்துவிடும். மந்தை மேற்கும் வடக்குமாக நகரும். ஜூலை முதல் அக்டோபர் வரை மழை அதிகம் விழும் வடக்கில், அதாவது மாரா பக்கம் மேயும். நவம்பரில் தெற்கே மழை தொடங்கினால் மறுபடி கீழே இறங்கும்.

ஆகவே பிப்ரவரியில் விடுமுறை கிடைத்தவர் இந்த மந்தையை நம்பி மாராவுக்குப் போனால் ஏமாந்துதான் வரவேண்டும். சிங்கமும் யானையும் அங்கே எப்போதும் உண்டு, பெருங்கூட்டம் இருக்காது. செப்டம்பரில் தெற்கு செரெங்கெட்டிக்குப் போகிறவருக்கும் அதே கதைதான். பூங்காவின் பெயரை விட மாதத்தின் பெயர் முக்கியம்.

இரண்டாவது, நாள் கணக்கு. நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலை வழியாக ஐந்தாறு மணி நேரம். அருஷாவிலிருந்து செரெங்கெட்டியின் நடுப்பகுதிக்குப் போக ஏழெட்டு மணி நேரம் ஆகும், அதுவும் ங்கோரோங்கோரோ வழியாக. நான்கே நாள் கையில் வைத்திருப்பவர் செரெங்கெட்டிக்குப் போனால் கிட்டத்தட்ட இரண்டு நாள் ரோட்டிலேயே போய்விடும். வணிகவியல் வகுப்பில் முதல் வருடமே சொல்லித் தருகிறார்களே, 'வாய்ப்புச் செலவு' என்று, அது இதுதான். வண்டிக்குள் தூங்கிப் போன பகல் எந்த பில்லிலும் வராது.

பில்லில் வருவதையும் பார்த்துவிடலாம். 2024 ஜூலை முதல் வெளிநாட்டவருக்கு மாராவின் நுழைவுக் கட்டணம் ஜூலை முதல் டிசம்பர் வரை நாளைக்கு 200 டாலர். வருடத்தின் முதல் பாதியில் 100 டாலர். அதுவும் காலை 6 முதல் மாலை 6 வரைக்குத்தான். செரெங்கெட்டியில் வரியோடு சேர்த்து 80 டாலரை ஒட்டி வரும், 24 மணி நேரத்துக்கு. 'அட, மலிவாக இருக்கிறதே' என்று குதித்துவிடக் கூடாது. உள்ளே தங்கினால் இரவுக்குத் தனிக் கட்டணம். போகும்போதும் வரும்போதும் ங்கோரோங்கோரோவுக்குத் தனிக் கட்டணம். நுழைவுச் சீட்டை மட்டும் ஒப்பிடுவது, சாப்பாட்டு விலையைப் பார்த்துவிட்டு சர்வீஸ் சார்ஜை மறந்துவிடுவது மாதிரி.

'இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட்டால்?' என்று கேட்பவர்களும் உண்டு. விலங்குகளுக்கு அது சுலபம். மனிதர்களுக்கு இல்லை. 1977ல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் உடைந்தபோது தான்சானியா எல்லையை மூடியது. பின்னர் மற்ற எல்லைகள் திறந்தும், இரண்டு பூங்காக்களுக்கும் நடுவில் இருக்கும் சாண்ட் ரிவர் வழி சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் திறக்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றிக்கொண்டு இசெபானியா வழியாகவோ, நமங்கா வழியாகவோ போகவேண்டும். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து ஒரே விசா உண்டு. அதில் தான்சானியா கிடையாது. பத்து நாளுக்குக் குறைவாக இருப்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவதே நல்லது.

நிற்க. இதுவரை சொன்னது எல்லாம் போகிறவரின் சௌகரியம். சொல்லவேண்டிய முக்கியமான விஷயம் வேறு. அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது?

மாராவைச் சுற்றியிருக்கும் நிலம் பெரும்பாலும் மசாய் குடும்பங்களுக்குச் சொந்தமானது. காப்பகத்தை விட்டு வெளியே வரும் விலங்குகள் அந்த நிலத்தில்தான் மேய்கின்றன. 1970களின் கடைசியில், அந்தப் பக்கத்து லொய்டா சமவெளியை நம்பி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்டுகள் வாழ்ந்தன. இவை தான்சானியாவிலிருந்து வரும் கூட்டம் அல்ல, கென்யாவிலேயே இருப்பவை. அந்த நிலம் கோதுமை வயலாக மாற மாற, இருபதே வருடத்தில் கால்வாசி அளவுக்குக் குறைந்து போயின. யாரும் வேட்டையாடி அழிக்கவில்லை. மேய இடமில்லாமல் போனது, அவ்வளவுதான்.

நிலச் சொந்தக்காரரைக் குறை சொல்ல முடியுமா? கோதுமை காசு கொடுத்தது. சிங்கம் மாட்டைத் தின்றது. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இதற்குப் பதிலாக வந்தவைதான் கன்சர்வன்சிகள். நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி, மாரா நார்த் போன்றவை. பல குடும்பங்கள் சேர்ந்து தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விடுகின்றன. விடுதிகள் மாதா மாதம் குத்தகைப் பணம் தருகின்றன. கூட்டமும் குறைவு. ஓலாரே மோட்டோரோகியில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்று கணக்கு. காப்பகத்துக்குள் அனுமதிக்காத இரவு சஃபாரியும், நடந்து போய்ப் பார்ப்பதும் இங்கே உண்டு. புலிக்குப் பயந்து கிலிக்குள் விழுந்த கதையாக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2020ல் கொரோனாவால் பயணிகள் நின்றபோது பல இடங்களில் அந்தக் குத்தகைப் பணமும் குறைந்தது. சுற்றுலாவை மட்டும் நம்புவதன் ஆபத்து அப்போது தெரிந்தது. ஆனாலும் சிங்கம் உயிரோடு இருப்பதில் நிலச் சொந்தக்காரருக்கும் லாபம் வைக்கும் ஏற்பாடு இது.

எல்லைக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. செரெங்கெட்டியில் வாழ்ந்த மசாய் மக்கள் 1959ல் ங்கோரோங்கோரோவுக்கு அனுப்பப்பட்டார்கள். 2022ல் அங்கிருந்தும் அவர்களை வேறிடத்துக்கு மாற்றும் வேலை தொடங்கியது. அதே வருடம் ஜூனில், பூங்காவை ஒட்டிய லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டருக்கு எல்லைக்கல் நட்டபோது பெரிய மோதலே நடந்தது. செரெங்கெட்டி இவ்வளவு பெரிதாக, இவ்வளவு முழுமையாக இருப்பதற்கு அங்கே மனிதர் குடியிருக்காததும் ஒரு காரணம்தான். பயணக் கையேட்டின் பளபளப்பான படத்தில் இந்தக் கணக்கு வராது.

கடைசியாக அந்த ஆற்றைக் கடக்கும் காட்சி. முதலை வாயைப் பிளக்க மந்தை குதிக்குமே, அதற்காகத்தான் பலர் போகிறார்கள். மாரா ஆறு இரண்டு நாட்டிலும் ஓடுவதால் இரண்டு பக்கமும் பார்க்கலாம். ஆனால் 2025 ஜூலையில் செரெங்கெட்டியின் வடக்கே, பயணிகள் வண்டியை விட்டிறங்கிக் கரையில் நின்று மந்தையின் வழியை மறித்த வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. பார்க்கப் போன காட்சியைப் பார்க்கப் போனவர்களே கெடுத்தார்கள்!

ஆகவே தீர்ப்பு இதுதான். ஜனவரி முதல் மார்ச் என்றால் தெற்கு செரெங்கெட்டி. ஒரு வாரத்துக்கு மேல் நேரமும், பரந்த வெளியில் ஆசையும் இருந்தாலும் செரெங்கெட்டி. ஜூலை முதல் அக்டோபருக்குள் நான்கைந்து நாள்தான் என்றால் மாரா. அதிலும் முடிந்தவரை கன்சர்வன்சியில் தங்குவது. அங்கே கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, வேலி போடாமல் நிலத்தைத் திறந்து வைத்திருப்பவருக்குப் போகிறது. அவர் வேலி போட்டுவிட்டால், அடுத்த தலைமுறைக்கு மாராவா செரெங்கெட்டியா என்று கேட்கும் சிரமமே இருக்காது.