காட்டாமணக்குப் பாடம் மறந்துபோச்சா?



2003-ல் மத்திய திட்டக்குழு காட்டாமணக்கு பயோடீசலுக்கு வழி சொன்னது. "தரிசுல தானா வளரும், தண்ணி வேண்டாம்" என்றார்கள். நம்பி நட்டோம். தண்ணி விடாத செடி காய்க்கலை. காய்த்ததை வாங்க வேண்டிய கம்பெனி வரவே இல்லை. பிண்ணாக்கோ விஷம், மாட்டுக்கும் ஆகாது. கடன்தான் மிச்சம்!

2009 கொள்கை, 2017-க்குள் 20 சதவீதம் கலப்போம் என்றது. நடக்கவில்லை. 2018 கொள்கை, 2030-க்குள் 5 சதவீதம் என்று இறங்கிவிட்டது. இலக்கு தவறியதில் டெல்லியில் யாருக்கும் நஷ்டமில்லை. நட்டவனுக்குத்தான் நஷ்டம்.

பயோடீசலை நாம் எதிர்க்கவில்லை. நம்ம காய்கறி ஏத்துற பிக்கப் வண்டி நம்ம மண்ணில் விளைந்த எண்ணெயில் ஓடினால் யாருக்குக் கசக்கும்? ஆனால் புங்க எண்ணெயை அப்படியே டேங்கில் ஊத்த முடியாது. கெட்டி எண்ணெய் இன்ஜெக்டரை அடைச்சிடும். மெத்தனால் சேர்த்து, கிளிசரினைப் பிரித்து எடுக்கணும். அதற்கு ஆலை வேண்டும். ஆலை இல்லாமல் மரத்தை மட்டும் நடச் சொல்வது மோசடி!

அரசே!
நடுவதற்கு முன் கொள்முதல் விலையை எழுதிக் கொடு!
ஒன்றியந்தோறும் கூட்டுறவு எண்ணெய் ஆலை அமை!

விவசாயிகளே! புங்கன், இலுப்பை என்று யார் வந்தாலும், விலை எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்