நெல்லுக்கும் ஒரு அட்டவணை இருக்கு

2023 ஜூலை 26. பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்ட, எங்க வளையமாதேவியில விளைஞ்சு நின்ன நெல்லு மேல என்.எல்.சி. பொக்லைனை இறக்குச்சு. நிலம் எப்பவோ எடுத்தாச்சு, மழைக்கு முன்னாடி முடிக்கணும்னாங்க. ரெண்டு மாசம் பொறுக்கக் கூடாதான்னு உயர் நீதிமன்றமே கேட்டுச்சு.

எந்த வேலை காத்திருக்கும், எது காத்திருக்காதுன்னு பிரிக்கிறதுதான் திட்டமிடல். நடவுக்கு ஆள் பத்தாதுன்னா நாங்களும் ஒரே நாள்ல நாத்து விடமாட்டோம். வாரம் தள்ளித் தள்ளித்தான் விடுவோம். பொக்லைனை வேற பக்கம் அனுப்பலாம். பயிரை நிறுத்தி வைக்க முடியுமா?

ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்டுச்சு. சரி. ஆனா அடுத்த தடவை அட்டவணை போடுறப்போ, அறுப்பு தேதியையும் அதுல ஒரு வரியா எழுதிடுங்க. அதுக்குச் செலவே கிடையாது.