அடைப்பை எடுத்தால் இதயம் கெடுமாம்!

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்த வங்கி ஆள். தப்பிருந்தால் மருத்துவ நண்பர்கள் பின்னூட்டத்தில் குட்டலாம்.

எங்கள் தில்லித் தமிழர் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஓர் அன்பர் எழுதியிருந்தார்: "மாரடைப்புன்னா உடனே ஆஞ்சியோவுக்கு ஓடாதீங்க சார். அடைப்பை எடுத்து ரத்தத்தை விட்டாத்தான் தசையே சாகுதாம். ஆராய்ச்சியே சொல்லுது." கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள்.

ஆராய்ச்சி இருப்பது நிஜம். ரத்தம் நின்றால் இதயத் தசையின் செல்லுக்குள் அமிலமும் கால்சியமும் சேரும். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்டிரியாவின் சவ்வில் ஒரு துளை உண்டு. அமிலம் இருக்கும்வரை அது மூடியே கிடக்கும். ரத்தம் திரும்பிய சில நிமிடங்களில் அமிலம் கழுவிப் போகும், ஆக்சிஜனிலிருந்து நச்சு மூலக்கூறுகள் பொங்கும், துளை திறக்கும். மைட்டோகாண்டிரியா வீங்கிக் கிழிய, செல் சாகும். இறுதிச் சேதத்தில் பாதிவரை இதனால்தான் என்று விலங்குச் சோதனைகளை வைத்துக் கணித்திருக்கிறார்கள்.

துளையை அடைக்க மருந்து? 2008-ல் 58 பேரிடம் சைக்ளோஸ்போரின் நம்பிக்கை தந்தது. 2015-ல் 970 பேரிடம் சோதித்தபோது பலனில்லை.

"அப்போ அவர் சொன்னது சரிதானே?"

அதுதான் இல்லை! ரத்தம் திரும்பினால் கொஞ்சம் தசை போகும்; திரும்பாவிட்டால் அந்தப் பகுதியே போகும். 2016 நவம்பர் 9 அன்று வங்கிகளை மூடினோம். 10-ம் தேதி திறந்தபோது என்ன நெரிசல்! அதற்காகத் திறக்காமலே இருந்திருக்கலாம் என்பீர்களா? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

தமிழ்நாட்டில் சின்ன ஆஸ்பத்திரிகளை ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து 2,420 பேரிடம் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. இதற்கு என்ன பதில் அன்பரே?

எங்கள் குடியிருப்பில் ஒருவர் 'வெறும் கேஸ்' என்று ஓமத் தண்ணீர் குடித்தே மூன்று மணி நேரத்தைக் கழித்தார். பிழைத்தார். இன்று ஒரு மாடி ஏற முடியவில்லை. ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கும் இந்த ஃபார்வர்டு போயிருக்கும். இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள்: நெஞ்சு வலித்தால் ஊரில் 108, இங்கே 112. மைட்டோகாண்டிரியாவை அப்புறம் விவாதிக்கலாம்.