பந்து தைத்தவன் கைக்கு மட்டை எப்போது வரும்?

விளையாட்டுல ஏதுங்க சாதி என்று கேட்கிற கனவான்களுக்கு ஒரு சின்ன வேலை. திருவண்ணாமலையைச் சுற்றி இருக்கிற ஏதாவது ஒரு கிராமத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். ஊர்த்தெருப் பையன்கள் எங்கே கிரிக்கெட் ஆடுகிறார்கள், காலனிப் பையன்கள் எங்கே ஆடுகிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். ஒருத்தனுக்குப் பள்ளிக்கூட மைதானம். இன்னொருத்தனுக்கு வறண்ட ஏரி, அறுத்த கழனி, சுடுகாட்டு ஓரம். ஒருத்தன் கையில் கடையில் வாங்கிய பேட்டு. இன்னொருத்தன் கையில் செதுக்கிய தென்னை மட்டை. பார்த்த பிறகு வந்து சொல்லுங்கள், சாதி இருக்குதா இல்லையான்னு.

சரி, ஏரியில் ஆடுகிற பையன் ஏரியிலேயே ஆடட்டும் என்று யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்த வேலையைச் சாமான் பட்டியல் செய்துவிடுகிறது. டென்னிஸ் பந்தில் ஆடுகிறவரை எவனும் எதுவும் கேட்பதில்லை. மாவட்ட அணி, லீக், அகாடமி என்று ஒரு படி ஏறினால் தோல் பந்து. தோல் பந்து என்றால் நல்ல மட்டை, இரண்டு காலுக்கும் பேடு, கிளவுஸ், கார்டு, தொடைப் பேடு, ஹெல்மெட், முள் ஷூ, வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், இத்தனையையும் தூக்கிப் போக ஒரு பை. காஷ்மீர் வில்லோ மட்டையே சில ஆயிரம். இங்கிலீஷ் வில்லோ சுமாரானது பத்தாயிரத்தைத் தொடும். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 319 ரூபாய். அந்தக் கூலி முழுசாகக் கைக்கு வந்தால்கூட, ஒரு தாய் 31 நாள் ஏரி வெட்டினால் ஒரு மட்டை. நூறு நாள் வேலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரு கட்டைக்குப் போய்விடும். பேடு, ஹெல்மெட் எல்லாம் அப்புறம். சோறு அதற்கும் அப்புறம்.

எங்கள் தெருப் பையன் ஒருத்தன், பந்து வீசினால் ஸ்டம்பு பறக்கும். ஒரு தேர்வுக்குப் போனான். பந்து போடச் சொல்லிப் பார்க்கவே இல்லை. “கிட் எடுத்துட்டு வரலையாப்பா?” என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். சாதி கேட்கவில்லை, சான்றிதழ் கேட்கவில்லை. கிட் கேட்டார்கள். அவன் மத்தியானமே ஊட்டுக்கு வந்துட்டான். இதுதான் இந்தக் காலத்துத் தீண்டாமையின் நாகரிகம். கையில் தடி இருக்காது, பட்டியல் இருக்கும்.

விதிகளைக் கொஞ்சம் பார்ப்போம். 1771இல் இங்கிலாந்தில் ஒருத்தன் ஸ்டம்பு மொத்தத்தையும் மறைக்கிற அகலத்தில் மட்டையோடு வந்து நின்றான். உடனே எதிரணி ஆடினவர்கள் விதி போட்டார்கள்: மட்டையின் அகலம் நாலேகால் அங்குலம்தான். இன்றைக்கும் அதே நாலேகால் அங்குலம். நீளம் 38 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 1979இல் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு வந்தார், மட்டை மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று அடுத்த விதி வந்தது. 2017இல் விளிம்பு 40 மில்லிமீட்டர், கனம் 67 மில்லிமீட்டர் என்று அதற்கும் எல்லை கட்டினார்கள். காரணம், பெரிய மட்டை வைத்திருப்பவனுக்கு மற்றவனைவிட அனுகூலம் அதிகமாகி ஆட்டம் கெட்டுவிடும். நியாயம்தான். ஆனால் இருநூற்றைம்பது வருஷமாக அகலத்தை அளந்தார்கள், நீளத்தை அளந்தார்கள், கனத்தை அளந்தார்கள். விலையை அளந்தார்களா? மட்டையே இல்லாதவனுக்கு எதிரான அனுகூலத்தை அளக்க ஏன் ஒரு அளவுகோலும் வரவில்லை?

இப்போது பந்துக்கு வருவோம். உள்ளே தக்கை, அதைச் சுற்றி நூல், மேலே படிகாரத்தில் பதப்படுத்திய மாட்டுத்தோல். ஆண்கள் ஆடுகிற பந்தின் எடை சுமார் 156 முதல் 163 கிராம். 1947 பிரிவினையில் சியால்கோட்டிலிருந்து வந்த தொழில் ஜலந்தரிலும் மீரட்டிலும் வேர் விட்டது. மீரட்டில் தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, சாயமேற்றி, வெட்டி, இரண்டு கையிலும் ஊசி பிடித்துத் தைக்கிறவர்கள் பெரும்பாலும் ஜாதவ்கள். நம் சனம். நம் பழைய வட ஆற்காட்டுக்கும் தோல் புதுசு இல்லை. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிகிறவரை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் ஒரே மண்ணாகத்தான் இருந்தது. அந்தத் தொட்டிகளில் இறங்கியவர்கள் யார் என்று ஆற்காட்டுக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாட்டுத்தோலைப் பறையில் இழுத்துக் கட்டினால் தீட்டு. அதே தோலைச் சிவப்புச் சாயம் பூசிப் பந்தில் தைத்தால் புனிதம். செத்த மாட்டை உரித்தவனை 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில் காரில் கட்டி வைத்து அடித்தார்கள். அதே தோலில் செய்த பந்தை அம்பிகள் எச்சில் தொட்டுப் பேண்டில் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். 2020இல் கொரோனா வந்துதான் அந்த எச்சிலை நிறுத்தியது, சாஸ்திரம் நிறுத்தவில்லை. ஆக, தோலில் தீட்டு இல்லை. தோலை உரித்தவன் மேல்தான் தீட்டு. பொருள் உள்ளே போகும், செய்தவன் வெளியே நிற்பான். கோயில் கட்டியவன் கதையும் இதுதானே.

வெளியே நிற்க மறுத்த ஒருவர் இருந்தார். பல்வாங்கர் பாலு. தோல் வேலை செய்கிற சமார் சாதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரன் கிளப்பில் மாதம் நாலு ரூபாய்க்கு மைதானம் கூட்டி, வலை கட்டி, துரைகளுக்குப் பயிற்சிப் பந்து வீசினார். மணிக்கணக்காக வீசினார். ஆனால் அந்த வலையில் ஒரு நாளும் அவர் கையில் மட்டை கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது துரை வேலை, பந்து போடுவது கூலி வேலை. பிறகு இந்து அணிக்கு அவருடைய இடது கைச் சுழல் தேவைப்பட்டது, சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தூக்கி எறிகிற மண் குவளையில். 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். அணித்தலைமை மட்டும் கடைசி வரை கொடுக்கவில்லை. 1920இல் அதைக் கேட்டு அவருடைய தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட்டத்திலிருந்து விலகினார்கள். அந்தக் கலகத்துக்குப் பிறகுதான் 1923இல் விட்டல் அணித்தலைவர் ஆனார். பாலு பிற்காலத்தில் காங்கிரஸ் பக்கம் நின்று 1937 தேர்தலில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்துத் தோற்றார், அது அவருடைய அரசியல். அந்தக் குவளை நம் எல்லோருடைய வரலாறு.

பழங்கதை என்பீர்கள். 2023 ஜூன் மாதம், குஜராத்தின் பாடன் மாவட்டம், காகோஷி கிராமம். பள்ளி மைதானத்தில் கிரிக்கெட் நடக்கிறது. வேடிக்கை பார்த்த தலித் சிறுவன் ஓடி வந்த பந்தைக் கையில் எடுத்தான். அவ்வளவுதான் குற்றம். சாதி சொல்லித் திட்டினார்கள். தட்டிக் கேட்ட குடும்பத்தைத் தேடி ஆயுதத்தோடு வந்தார்கள். சிறுவனின் உறவினர் ஒருவரின் கட்டைவிரலை வெட்டினார்கள். ஏகலைவனிடம் தட்சணை என்று கேட்டு வாங்கினார்கள், இப்போது கேட்பதுகூட இல்லை. தைக்கும்போது நம் விரல் வேண்டும். தொடும்போது விரல் இருக்கக் கூடாது.

அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகள் ஆடுகிற பேஸ்பாலிலும் இந்தக் கணக்கு உண்டு. 1955இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்திலிருந்து கேனன் தெரு என்கிற கறுப்பினச் சிறுவர் அணி லிட்டில் லீக் போட்டிக்குப் பெயர் கொடுத்தது. 61 வெள்ளை லீக்குகள் அவர்களோடு ஆட மாட்டோம் என்று விலகின. போட்டியே இல்லாமல் அந்தப் பிள்ளைகள் வென்றார்கள். ஆனால் ‘ஆடி ஜெயித்து வந்தவர்களுக்குத்தான் அடுத்த சுற்று’ என்று விதிப் புத்தகம் நீட்டப்பட்டது. இறுதிப் போட்டி நடந்த வில்லியம்ஸ்போர்ட்டில் அவர்களைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஆட விடு என்று கூட்டம் கத்தியது. விதி கேட்கவில்லை. விதி யாரையும் கறுப்பன் என்று திட்டவில்லை பாருங்கள், அதுதான் அதன் சாமர்த்தியம்.

அங்கேயும் மட்டை ஏழைக்கு எட்டாத விலையில்தான் இருக்கிறது. 2018இல் சிறுவர் மட்டைக்குப் புதிய தர முத்திரை கட்டாயம் என்றார்கள், ஊட்டில் இருந்த பழைய மட்டைகள் ஒரே நாளில் செல்லாக் காசாயின. ஆனால் அதே லிட்டில் லீக் விதிப் புத்தகத்தில் நாம் படிக்க வேண்டிய ஒரு வரியும் இருக்கிறது. மட்டை பிடிக்கிற பிள்ளைக்குத் தலைக்கவசம் கட்டாயம், அந்தத் தலைக்கவசங்களை அணிக்குக் கொடுப்பது லீக்கின் பொறுப்பு. கட்டாயம் என்று சொன்னவனே கொடுக்கவும் வேண்டும். இதைத்தான் நாம் கேட்கிறோம்.

ஹெல்மெட் வேண்டாம், பேடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2014இல் ஆஸ்திரேலியாவின் பிலிப் ஹியூஸ் ஹெல்மெட் போட்டிருந்தும் கழுத்தில் பந்து பட்டுச் செத்தார். 160 கிராம் தோல் பந்து எந்தப் பிள்ளையின் மண்டையையும் சாதி பார்த்து அடிக்காது. பாதுகாப்பு எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும். அதனாலேயே கேட்கிறோம்: பணம் இருக்கிற பிள்ளையின் மண்டைக்குத்தான் பாதுகாப்பு, இல்லாத பிள்ளைக்கு மைதானமே இல்லை என்றால் அந்த விதியைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது? அதற்கு வேலி என்று பெயர்.

அரசாங்கம் கொடுக்குதே என்பார்கள். 2024 தொடக்கத்தில் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணங்கள் கொடுக்கிற திட்டம் வந்தது. தமிழ்நாட்டின் 12,000க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கு, முப்பதுக்கும் அதிகமான வகைச் சாமான்கள். நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி. ஊராட்சிக்கு ஒரு கிட் என்றால், நம் ஊராட்சிகள் ஒன்றா இரண்டா? காகிதத்தில் ஒன்று, மண்ணில் ஊர் என்றும் சேரி என்றும் இரண்டு. சாமான் எந்தத் தெருக் கட்டடத்தில் இருக்கிறது? பூட்டின் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது? ‘பேட்டு குடுங்கண்ணா’ என்று காலனிப் பையன் எந்தத் திண்ணை முன்னால் போய் நிற்க வேண்டும்?

இது கற்பனைப் பயம் இல்லை. தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில் முத்துமாரியம்மனைக் கும்பிட தலித் மக்கள் பல பத்தாண்டு காத்திருந்தார்கள். 2023 ஜனவரி 30 அன்று கலெக்டரும் போலீசும் கூட வந்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. அம்மன் வாசலுக்கே போலீஸ் தேவைப்பட்ட மாவட்டத்தில், பேட்டு வைத்திருக்கிற அறையின் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்று நம்பச் சொல்கிறீர்களா? பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான பேர் 14 கிலோமீட்டர் மலை சுற்றுகிறார்கள். மறுநாள் விடியலில் அந்த 14 கிலோமீட்டரையும் கூட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு மைதானமும் ஒரு மட்டையும் கொடுக்க இந்தப் புண்ணிய பூமிக்கு மனசு வரவில்லையா?

‘திறமை இருந்தா வரலாமே, நடராஜன் வரலையா’ என்கிறார்கள். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் ஏழை வீட்டிலிருந்து டென்னிஸ் பந்து ஆடி வந்து 2020இல் இந்தியாவுக்கு ஆடினார். பெருமைதான். ஆனால் ஒருத்தர் சுவரேறிக் குதித்ததைக் காட்டிச் சுவரே இல்லை என்று சாதிக்கக் கூடாது. 2018இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி ஏட்டில் ஒரு கட்டுரை கணக்குப் போட்டது. அதுவரை இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடிய ஆண்கள் சுமார் 290 பேரில் தலித்துகள் நாலு பேர். நாலு! பந்து தைக்க ஆயிரக்கணக்கில் திறமை இருந்த சனத்துக்குப் பந்து ஆட மட்டும் திறமை இல்லாமல் போய்விட்டதா? தென்னாப்பிரிக்கா 2016இல் தன் தேசிய அணிக்கே இலக்கு வைத்தது: ஆட்டத்துக்குச் சராசரி ஆறு பேர் வெள்ளையர் அல்லாதவர், அதில் இரண்டு பேராவது ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவர். உலகத்தின் பணக்காரக் கிரிக்கெட் வாரியத்தை வைத்திருக்கிற நாடு இலக்கு என்ற வார்த்தையைக் கேட்டாலே திறமை, தகுதி என்று பூணூலைத் தடவுகிறது.

‘ப்ளூ ஸ்டா’ரும் ‘லப்பர் பந்’தும் 2024இல் இதைத் திரையில் காட்டின. தியேட்டரில் கை தட்டினார்கள். தட்டிய கையால் சொந்த ஊர் அணியில் ஒரு காலனிப் பையன் பேரை எழுதினார்களா?

நம் கோரிக்கை நீளமில்லை. ஊராட்சிக்கு வந்த கிட் என்னென்ன, எங்கே இருக்கிறது, யார் எடுத்தார்கள் என்று பொதுப்பதிவேடு வைக்க வேண்டும். ஊரும் சேரியும் இருக்கிற ஒவ்வொரு ஊராட்சியிலும் காலனியில் ஒரு முழு கிட் இருக்க வேண்டும், சாவி காலனிப் பிள்ளைகளிடம். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் தோல் பந்து ஆடுகிற முழுச் சாமானும் சொல்லித் தர ஆளும் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கு 2024இல் சட்டமே வந்துவிட்டது, நிதி எங்கே என்று இனி யாரும் கேட்க முடியாது. எந்தத் தேர்விலும் கிட் இல்லை என்று ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. தேர்வு நடத்துகிற சங்கம்தான் சாமானை மைதானத்தில் வைக்க வேண்டும்.

தோழர்களே, கோரிக்கை மனுவோடு நின்றுவிட வேண்டாம். அடுத்த கிராம சபையில் எழுந்து நில்லுங்கள். கிட் எங்கேன்னு கேளுங்க. சாவி எவன்கிட்டன்னு கேளுங்க. பதில் வருகிறவரை உட்காராதீர்கள். குவளையைத் தூக்கி எறிந்த சனம் நாம். மட்டையை இரந்து வாங்கப் போவதில்லை, நம்முடையதை எடுத்துக்கொள்ளப் போகிறோம்.