கேலி யார் மீது?

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என மலையடிவாரச் சாலை நெடுகிலும் நமது இளைஞர்களின் கைப்பேசிகளில் நையாண்டி ஒலிப்பதிவுகள் உலவி வருகின்றன. செய்திச் சேனல் தொகுப்பாளரைப் போலக் கத்துவது, விவாதத்துக்கு அழைக்கப்பட்ட முஸ்லிம் வாயைத் திறக்கும் முன்பே அவருக்குத் தீர்ப்பு வழங்குவது என்று பேசி நடிக்கிறார்கள். கேட்டவர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் பத்துப் பேருக்கு அனுப்புபவர்கள் ஒருபுறம். 'கேலி செய்வதை மார்க்கம் தடுத்திருக்கிறதே, இது நமக்குத் தேவையா?' என்று கடிந்து கொள்ளும் பெரியவர்கள் மறுபுறம்.

பெரியவர்களின் ஆட்சேபணையைத் தள்ளிவிட முடியாது. ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கக் கூடாது என்பது திருக்குர்ஆனின் 49வது அத்தியாயமான அல் ஹுஜுராத்தின் 11வது வசனம் தரும் கட்டளை. ஆனால் அதே அத்தியாயத்தில் ஐந்து வசனங்களுக்கு முன்னால் என்ன இருக்கிறது? தீயவன் ஒரு செய்தியைக் கொண்டு வந்தால் அதைத் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடாதீர்கள் என்கிறது 6வது வசனம். கேலியைத் தடுக்கும் அத்தியாயமே பொய்ச் செய்தியையும் எச்சரிக்கிறது! 11ஐ ஓதிக் காட்டுபவர்கள் 6ஐயும் சேர்த்தே ஓதிக் காட்ட வேண்டும்.

இந்த எச்சரிக்கையின் அருமை நம் பகுதிக்குத் தெரியாததல்ல. 1981 பிப்ரவரியில் தென்காசிப் பக்கம் மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் கூட்டாக இஸ்லாத்தைத் தழுவினார்கள். அவர்களை விரட்டிய தீண்டாமையை எழுத வேண்டிய பத்திரிகைகளில் பல, வளைகுடாப் பணம் எங்கே என்று தேடிக் கொண்டிருந்தன. அன்று தனியார் தொலைக்காட்சி கிடையாது. இருந்திருந்தால்?

ஆக, பொய்யைப் பரப்புகிறவனை நோக்கி வரும் நையாண்டி வேறு, பாதிக்கப்பட்டவனை நோக்கி வரும் நையாண்டி வேறு. சொல்வதற்கு எளிது, பிரித்துப் பார்ப்பது கடினம் என்பதற்கு 'பீப்லி லைவ்' என்ற இந்திப் படமே சாட்சி. 2010 ஆகஸ்டில் வெளிவந்தது. இயக்கியவர் அனுஷா ரிஸ்வி, முன்பு தொலைக்காட்சிச் செய்தித் துறையில் பணியாற்றியவர். கடனில் நிலத்தை இழக்கப் போகும் நத்தா என்ற விவசாயி, நிவாரணப் பணத்துக்காகத் தற்கொலை செய்து கொள்ளப் போகிறான் என்ற செய்தி கசிகிறது. சேனல்கள் கேமராக்களோடு கிராமத்தை முற்றுகையிடுகின்றன. அவன் காலையில் ஒதுங்கிய இடத்தைக் கூட ஆராய்ந்து 'செய்தி' சொல்கிறார்கள்! அதே ஊரில் ஹோரி மஹதோ என்ற ஏழை மண் தோண்டித் தோண்டிப் பட்டினியில் செத்துப் போகிறான். அவனுக்கு ஒரு கேமரா கூடத் திரும்பவில்லை.

சேனல்களைத் தோலுரித்த படம் என்று நகரங்களில் பாராட்டினார்கள். ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பவும் செய்தார்கள். ஆனால் விவசாயிகள் தற்கொலை செய்து மடிந்து கொண்டிருந்த விதர்பாவில், விவசாயிகளுக்காகப் போராடும் விதர்பா ஜன் ஆந்தோலன் சமிதி, எங்கள் சாவைக் கேலிப் பொருளாக்காதே என்று படத்துக்குத் தடை கோரியது. அந்தத் தடைக் கோரிக்கையை நாம் ஏற்கவில்லை. படத்தின் கேலி நத்தா மீதல்ல, அவன் முகத்துக்கு நேராக நீட்டப்பட்ட மைக்கின் மீது. என்றாலும் குளிரூட்டப்பட்ட அரங்கில் அமர்ந்தவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று விதர்பாக்காரர் கேட்டால் என்ன பதில் சொல்வது? (எலுமிச்சை விலை சரிந்து விவசாயி தவிக்கும் போது எத்தனை சேனல்கள் புளியங்குடிக்கு வந்தன என்று நம்மவர்களும் கேட்கலாம்.)

நம் கைப்பேசியில் வரும் ஒலிப்பதிவுகளுக்கும் இதே அளவுகோல்தான். தொகுப்பாளரின் கூச்சலையும் அவர் விற்கும் வெறுப்பையும் கிண்டல் செய்தால் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் விவாத மேடையில் திணறிய பாய் ஒருவரின் பேச்சு வழக்கையும் தடுமாற்றத்தையும் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தால், பெரியவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. எதிரி செய்ய வேண்டிய வேலையை நாமே செய்வதா?

நையாண்டிக்கு இந்த நாட்டில் ஆளுக்கொரு விலை என்பதையும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். 2020 ஜனவரியில் விமானத்தில் தொகுப்பாளர் அர்னாப் கோஸ்வாமியை வம்புக்கிழுத்த குணால் கம்ராவுக்கு விமான நிறுவனங்கள் பயணத் தடை விதித்தன. 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் நிகழ்ச்சி நடத்தப் போன முனவ்வர் ஃபாரூக்கிக்கோ சிறை! உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கும் வரை ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார்.

இன்னொன்று. சிரித்து முடித்ததும் கடமை முடிந்தது என்று படுத்துவிடுகிறோமே, அதுதான் கவலை தருகிறது. 2020இல் தப்லீக் ஜமாஅத்தினர் மீது சேனல்கள் 'கொரோனா ஜிஹாத்' பழி சுமத்திய போது நையாண்டிக்குக் குறைவில்லை. ஆனால் களங்கத்தைத் துடைத்தது அதுவல்ல. 2020 ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதையும், ஊடகங்களில் நடந்த பெரும் பிரச்சாரத்தையும் தீர்ப்பில் எழுதி வைத்தது. அடுத்த மாதமே சுதர்சன் டி.வி.யின் 'யு.பி.எஸ்.சி. ஜிஹாத்' தொடரின் எஞ்சிய பகுதிகளை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

நீதிமன்றம் வரை போக வசதியில்லை என்பார்கள். 2022 ஏப்ரலில் நியூஸ் 18 இந்தியா சேனல் நடத்திய ஹிஜாப் விவாதத்தில், ஹிஜாபை ஆதரித்துப் பேசியவர்களை அல்காய்தாவின் ஜவாஹிரியோடு முடிச்சுப் போட்டார்கள். செய்தி ஒளிபரப்பு நிறுவனங்களின் சங்கம் அமைத்துள்ள தர ஆணையத்துக்குப் புகார் போனது. அக்டோபரில் அந்தச் சேனலுக்கு 50,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது, காணொளியை நீக்கவும் உத்தரவு வந்தது. தொகை சிறிதுதான். ஆனால் புகார் எழுதியது பெரிய இயக்கமல்ல, ஒரு தனிமனிதர்!

இந்த ஆணையத்தில் உறுப்பு வகிக்கும் சேனல்களுக்கு எதிராகவே இந்த வழி பயன்படும். ஒளிபரப்பான ஏழு நாட்களுக்குள் முதலில் அந்தச் சேனலுக்கே புகார் அனுப்ப வேண்டும், பதில் திருப்தி தராவிட்டால்தான் ஆணையத்தை அணுக வேண்டும். நாள், நேரம், நிகழ்ச்சியின் பெயர், பேசப்பட்ட வாசகம் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். தொகுப்பாளரின் ஒவ்வொரு வார்த்தையையும் உன்னிப்பாகக் கேட்டு, அதை அப்படியே நடித்துக் காட்டத் தெரிந்த நம் இளைஞர்களை விட இந்தக் குறிப்பை எழுதத் தகுதியானவர்கள் யார்? ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு கடிதத் தாளை எடுத்து அவர்களிடம் கொடுக்கட்டும்.